ஏர் பூட்டாத வயல்: வாசகர் கேள்வி – பதில்

நெல் தாளில் உளுந்து தெளிப்பது, தென்னந்தோப்பில் ரோட்டவேட்டரை (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் டிராக்டர் கருவி) நிறுத்துவது, மலைச்சரிவில் மண் இறங்காமல் காப்பது என உழவைக் குறைக்கும் முறைகளைப் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பல கடிதங்களில் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது: "பக்கத்து வயல்காரர் செய்தார், நானும் செய்தேன், எனக்கு வரவில்லை." ஆகவே என்ன செய்வது என்பதோடு, அடுத்தவர் வயலுக்குப் போனால் எதைப் பார்த்து வர வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம்.

மன்னார்குடி வாசகர்: சம்பா நெல் நிற்கும்போதே உளுந்து தெளித்தேன். அடுத்த வயல்காரரும் நானும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கிய விதையைத்தான் தெளித்தோம். அவருக்குப் பாய் விரித்த மாதிரி முளைத்திருக்கிறது. எனக்குத் திட்டுத் திட்டாக இருக்கிறது. ஏன்?

நாள் ஒன்றாக இருந்திருக்கலாம், மண்ணின் பதம் ஒன்றாக இருந்திருக்காது. நெல் தரிசு உளுந்துக்கு, அதாவது நெல்லுக்குப் பின் அதே நிலத்தில் உழாமல் வளரும் உளுந்துக்கு, உழவும் கிடையாது, தனிப் பாசனமும் கிடையாது. நெல்லுக்குக் கட்டிய தண்ணீரில் மண் பிடித்து வைத்திருக்கும் ஈரமும் தை, மாசிப் பனியும்தான் எழுபது நாளைக்கும் அதற்குச் சோறு. விதை விழும் நாளில் மண் மெழுகுப் பதத்தில் இருந்தாக வேண்டும்.

இந்தப் பதத்தைக் காலால்தான் பார்க்க வேண்டும். காலணி இல்லாமல் வயலுக்குள் பத்தடி நடந்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள். காலடித் தடம் விரல் விரலாகத் தெளிவாகப் பதிந்து, அந்தக் குழியில் தண்ணீர் ஊறாமல், பாதத்தில் சேறும் ஒட்டாமல் இருந்தால் அதுதான் பதம். தடத்தில் தண்ணீர் கசிந்தால் இன்னும் இரண்டு மூன்று நாள் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் விதை சேற்றில் அமிழ்ந்து காற்றில்லாமல் அழுகிவிடும். தடமே பதியவில்லை, மயிரிழை வெடிப்பு தெரிகிறது என்றால் நாள் கடந்துவிட்டது. மேலே கிடக்கும் விதை ஊறும், வேர் இறங்காது. ஒரே வயலிலேயே மடைப்பக்கம் ஈரமும் மேட்டுப்பக்கம் காய்ச்சலுமாக இருக்கும். உங்கள் திட்டுகள் மேட்டில் விழுந்திருக்கின்றனவா, பள்ளத்திலா என்று பார்த்தாலே பாதிப் பதில் கிடைத்துவிடும். பள்ளம் என்றால் அடுத்த ஆண்டு அறுவடைக்குப் பதினைந்து நாள் இருக்கும்போதே தண்ணீரை நிறுத்தி, வடியாத மூலைக்கு ஒரு சிறு வாய்க்கால் பிடியுங்கள். மேடு என்றால் நடவுக்கு முன்பே மட்டப்பலகை ஓட்டுவதுதான் தீர்வு. உழாத பயிரின் வெற்றி தோல்வி அதற்கு முந்தைய பயிரின் நடவிலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

மற்ற அளவுகளையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கையால் அறுப்பதாக இருந்தால் அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பு தெளிக்கலாம். ஏக்கருக்கு 10 முதல் 12 கிலோ விதை. 12 கிலோ போட்டால் சதுர மீட்டருக்கு அறுபது, எழுபது விதை விழும். அதில் 33 செடி நின்றால் போதும். விதையை இரண்டு பங்காக்கி, ஒரு பங்கைக் கிழக்கு மேற்காகவும் மறு பங்கைத் தெற்கு வடக்காகவும் வீசினால் திட்டு குறையும். ரகம் ஏடிடி 3 போல நெல் தரிசுக்கென்று வந்ததாக இருக்கட்டும். விதைநேர்த்திக்குக் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (நன்மை செய்யும் பூசணம்) கலந்து, ஒரு நாள் கழித்து, ஆறிய அரிசிக் கஞ்சியில் ஒரு பாக்கெட் (200 கிராம்) ரைசோபியம் நுண்ணுயிர் உரத்தைக் கரைத்துப் புரட்டி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி அன்றே தெளியுங்கள். வெயிலில் உலர்த்தினால் ரைசோபியம் செத்துவிடும்.

திட்டை இப்போதே ஓரளவு சரிசெய்ய வழி உண்டு. அறுவடை முடிந்து ஒரு வாரத்துக்குள், மண்ணில் ஈரம் இருக்கும்போதே, ஊறவைத்த விதையைக் குச்சியால் குத்தி ஊன்றலாம். அதற்குப் பிறகு ஊன்றினால் விதையும் கூலியும் வீண். பூக்கும் தருணத்தில் ஒரு முறையும் 15 நாள் கழித்து இன்னொரு முறையும் இரண்டு சத டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட் உரம்) கரைசலை அடியுங்கள். ஏக்கருக்கு 4 கிலோ டிஏபியை முதல் நாள் இரவே இருபது லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் தெளிந்ததை மட்டும் இறுத்து 200 லிட்டராக்கி, மாலையில் அடிக்க வேண்டும். அடியில் தங்கும் கசடு சேர்ந்தால் நாசில் அடைத்துக்கொள்ளும்.

திருத்துறைப்பூண்டி வாசகர்: எங்கள் பகுதியில் எல்லாம் மிஷின் அறுவடைதான். தெளித்த உளுந்து வண்டிக்கு அடியில் நசுங்கிவிடுகிறதே?

மிஷின் வயலுக்குப் பத்து நாள் முன்பே தெளிக்காதீர்கள். தரைக்கு மேலே தலை நீட்டிய நாற்றின் மேல் வண்டி ஏறினால் தண்டு முறியும், முறிந்தது மறுபடி துளிர்க்காது. அறுவடைக்கு நாலைந்து நாள் முன்பு தெளித்தால், வண்டி வரும்போது விதை வேர் விட்ட நிலையில் மண்ணோடு ஒட்டியிருக்கும், சேதம் குறையும். விதையை ஏக்கருக்கு இரண்டு மூன்று கிலோ கூட்டிப் போடுங்கள். டயர் வண்டியைவிடச் செயின் வண்டி தரையை அழுத்துவது குறைவு. வண்டி வயலுக்கு நடுவில் சுற்றித் திரும்பாமல் வரப்போரத்தில் திரும்பும்படி ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பலர் கவனிக்காதது வைக்கோல் வரிசை. மிஷின் கொட்டிப் போகும் வைக்கோல் மேடாகக் கிடந்தால் அடியில் இருக்கும் உளுந்து வெளுத்து நீண்டு, வைக்கோலை எடுத்த அன்றே வெயிலில் சாய்ந்துவிடும். கட்டுவதாக இருந்தால் இரண்டு மூன்று நாளுக்குள் கட்டு மிஷினை இறக்குங்கள். ஒரு வாரம் கழித்து இறக்கினால் அந்த டிராக்டரே பாதிப் பயிரை மிதித்துவிடும். கட்டப்போவதில்லை என்றால் அன்றைக்கே கவைக்கோலால் உதறிப் பரப்பிவிடுங்கள். தாளையும் தரையை ஒட்டி அறுக்கச் சொல்லுங்கள். உயரத் தாளில் மறுதுளிர் வந்து உளுந்தின் ஈரத்தைக் குடித்துவிடும். புல்லும் உதிர்ந்த நெல்லும் நிறைய முளைத்தால், 15 முதல் 20 நாளுக்குள் குயிசலோபாப் எத்தில் 5 சத மருந்தை ஏக்கருக்கு 400 மில்லி, 200 லிட்டர் தண்ணீரில் கலந்து அடிக்கலாம். இது புல் இனத்துக்கு மட்டும்தான் கேட்கும். அகல இலைக் களைக்குக் கேட்காது.

மணப்பாறை வாசகர்: "அகல உழுவதிலும் ஆழ உழு" என்றும் "சித்திரை உழவு பத்தரை மாற்றுத் தங்கம்" என்றும் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். உழவே வேண்டாம் என்கிறவர்கள் பேச்சை எங்கள் செம்மண்ணில் நம்பலாமா?

உங்கள் மண்ணில் அப்படியே நம்பக் கூடாது. மானாவாரிச் செம்மண்ணில் மூடாக்கு (மண்ணை மூடிக் கிடக்கும் தாள், தழை) இல்லாமல் உழவை மட்டும் நிறுத்தினால், முதல் மழைத்துளிகள் மேல்மண்ணை அடித்து இறுக்கி ஏடு கட்டிவிடும். அடுத்த மழை உள்ளே இறங்காமல் ஓடிவிடும். கோடை உழவு சொல்லப்பட்டதே அந்த ஏட்டை உடைத்து மழையை உள்ளே விடத்தான். மண்ணில் கிடக்கும் கூட்டுப்புழுக்கள் வெயிலுக்கும் பறவைக்கும் ஆளாவது கூடுதல் பலன். அந்த அறிவில் குறை சொல்ல எதுவும் இல்லை.

பெரியவர்கள் சொன்ன உழவு மாட்டு ஏரின் உழவு. இன்றைக்கு ஆண்டுக்கு மூன்று நான்கு முறை ஓடுகிற ரோட்டவேட்டர் மேல்மண்ணைப் பவுடராக்குகிறது, நாலைந்து அங்குலத்துக்குக் கீழே தட்டித் தட்டி ஒரு கெட்டித் தளத்தையும் உண்டாக்குகிறது. ஒரு கம்பியை எடுத்து ஈர மண்ணில் கையால் அழுத்துங்கள். அரை அடிக்குள் சட்டென்று நின்றுவிட்டால் தளம் இருக்கிறது. அந்த வயலில் உழவை நிறுத்துவதற்கு முன்னால் ஒரு தடவை உளிக்கலப்பையை, அரை மீட்டர் இடைவெளியில், 40 சென்டிமீட்டர் ஆழத்தில், குறுக்கும் நெடுக்கும் ஓட்ட வேண்டும். மண் காய்ந்திருக்கும்போதுதான் ஓட்ட வேண்டும். ஈரத்தில் ஓட்டினால் தளம் உடையாது, உளி போன வழியில் மட்டும் ஒரு கோடு விழும்.

பிறகு மூடாக்கு. சோளத்தட்டை, நிலக்கடலைக் கொடி எல்லாம் மாட்டுக்குப் போய்விடும் ஊரில் இதுதான் சிக்கல். மாட்டுக்குக் கொடுக்காதே என்று யாரும் சொல்ல முடியாது. வயலில் கால் பங்கில் மட்டும் கொள்ளோ தட்டைப்பயறோ அடர்த்தியாக விதைத்து, அந்தக் கொடியை அங்கேயே விட்டு, அடுத்த பட்டத்துக்கு அந்தப் பங்கை மட்டும் உழாமல் விதைத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு பங்காக நகர்த்தலாம். ஆட்டுக்கிடை போடுவது நல்லது, மழை பெய்து மண் நசநசவென்று இருக்கும் நாட்களில் மட்டும் வேண்டாம். ஆட்டுக் குளம்பு அந்த ஈரத்தில் மண்ணை இறுக்கிவிடும்.

கும்பகோணம் வாசகர்: வைக்கோலை விற்றால் கைக்குப் பணம் வருகிறது. வயலில் விட்டால் என்ன வருகிறது?

ஒரு டன் வைக்கோலில் 14 முதல் 20 கிலோ வரை சாம்பல் சத்து இருக்கிறது. பொட்டாஷ் உரமாகக் கணக்கிட்டால் அது அரை மூட்டை. தழைச்சத்து 5 முதல் 8 கிலோ. விற்கும் விலையிலிருந்து இதைக் கழித்துப் பாருங்கள். பாதியை விற்று, பாதியைப் பரப்பிவிடுவது பலருக்கு ஒத்துவரும். கொளுத்துவது மட்டும் எந்தக் கணக்கிலும் சேராது: தழைச்சத்து முழுக்கப் புகையாகிவிடும், முளைத்து வரும் உளுந்தும் கருகிவிடும்.

பொள்ளாச்சி வாசகர்: தென்னந்தோப்பில் களைக்காக ஆண்டுக்கு மூன்று முறை ரோட்டவேட்டர் ஓட்டுகிறோம். நிறுத்தலாமா?

தாராளமாக நிறுத்தலாம். உழவை நிறுத்தப் பழக மிக எளிய இடம் தோப்புதான். ரோட்டவேட்டர் ஒவ்வொரு முறையும் மேலே இருக்கும் உறிஞ்சு வேர்களை அறுக்கிறது. தஞ்சாவூர் வாடல் நோய் தலைகாட்டிய தோப்பில் உழவே கூடாது, பாய்ச்சல் பாசனமும் கூடாது. அறுந்த வேர் வழியாகவும் மரத்துக்கு மரம் ஓடும் தண்ணீர் வழியாகவும் பூசணம் பரவும்.

களையைப் புல்வெட்டி மிஷினால் மூன்று நான்கு அங்குலம் விட்டு வெட்டி, அங்கேயே போட்டுவிடுங்கள். மரத்தைச் சுற்றி ஆறடிப் பாத்தியில் 100 தேங்காய் மட்டைகளை முதுகுப்பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கலாம், அல்லது 15 காய்ந்த ஓலைகளைத் துண்டாக்கிப் பரப்பலாம், அல்லது நார்க்கழிவை 10 சென்டிமீட்டர் உயரம் போடலாம். தூரை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் இடம் விடுங்கள். மரங்களுக்கு இடையே மழைக்கு முன் சணப்போ தட்டைப்பயறோ விதைத்து, பூக்கும்போது படுக்கவைத்துவிடலாம். ஓலையையும் எருவையும் ஒரே இடத்தில் குவித்து மக்கவிட்டால்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். குவியல் இருந்தால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கிளறி, வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கிவிடுங்கள்.

ஒரத்தநாடு வாசகர்: எங்கள் ஊரில் பதினைந்து பேர் சேர்ந்து உழவைக் குறைத்துப் பார்க்க நினைக்கிறோம். பயிற்சிக்கு யாரைக் கூப்பிடுவது?

அதிகாரிகளையும் விஞ்ஞானிகளையும் கூப்பிடுங்கள், அவர்கள் சொல்வது தேவை. ஆனால் அந்தப் பதினைந்து வயல்களும்தான் உங்களுக்கு முக்கியமான பள்ளிக்கூடம். 1989-ல் இந்தோனேசியாவில் புகையான் பூச்சியைச் சமாளிக்கத் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளிகள் இந்த அடிப்படையில்தான் நடந்தன. வாராவாரம் கூடி, பயிரைப் பார்த்து, வரைந்து, பேசி, முடிவெடுத்தார்கள். நம் மாநிலத்திலும் அட்மா (வேளாண் தொழில்நுட்ப மேலாண்மை முகமை) திட்டத்தில் வயல்வெளிப் பள்ளிகள் நடக்கின்றன; வட்டார வேளாண் உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள்.

நீங்களாகத் தொடங்கினால், ஒவ்வொருவரும் 25 சென்டுக்கு மேல் ஒதுக்க வேண்டாம். அதை ஒட்டியே அதே அளவில் வழக்கமான உழவுப் பாத்தியும் இருக்க வேண்டும். விதை, நாள், உரம் மூன்றும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். ஒப்பிடப் பாத்தி இல்லாவிட்டால் நல்ல மழை பெய்த ஆண்டில் எல்லாரும் உழாததைப் புகழ்வார்கள், வறண்ட ஆண்டில் எல்லாரும் திட்டுவார்கள். எது மழையால், எது முறையால் என்று யாருக்கும் தெரியாது.

விதைத்த பத்தாம் நாள், இருபத்தைந்தாம் நாள், பூக்கும்போது, அறுவடையில் என நான்கு முறை எல்லார் வயலுக்கும் எல்லாரும் போங்கள். பயிர் செழித்த வயலில் போட்டோ எடுப்பதைவிட, பயிர் கெட்ட வயலில் அதிக நேரம் நிற்பது பயன் தரும். அந்த வயல்காரர் கூச்சப்படாமல் பேச வேண்டுமானால் முதல் நாளே ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்: யாரும் யாரையும் குறை சொல்வதில்லை, கேள்வி மட்டும் கேட்பது. கேட்க வேண்டியவை: முந்தைய பயிர் எது, கடைசியாகத் தண்ணீர் கட்டியது எப்போது, விதைத்த அன்று காலடித் தடம் எப்படி இருந்தது, அறுவடை வண்டி எது, வைக்கோல் எத்தனை நாள் கிடந்தது.

பேச்சோடு அளவும் வேண்டும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் குச்சிச் சட்டம் செய்து, ஐந்து இடத்தில் போட்டுச் செடியை எண்ணுங்கள். விளைச்சலுக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர் அறுத்து, உலர்த்தி, எடைபோட்டு 162-ஆல் பெருக்கினால் ஏக்கர் விளைச்சல் வந்துவிடும். மண்ணுக்குத் தண்ணீர் இறங்கும் சோதனை ஒன்று போதும். ஆறு அங்குலப் பிவிசி குழாயில் ஐந்து அங்குலத் துண்டு வெட்டி, மேலே பலகை வைத்துச் சுத்தியால் தட்டி மூன்று அங்குலம் மண்ணுக்குள் இறக்குங்கள். உள்ளே ஒரு பாலிதீன் தாளை விரித்து, அதில் 450 மில்லி தண்ணீரை ஊற்றி, தாளை மெதுவாக உருவிவிடுங்கள். அது ஒரு அங்குல மழைக்குச் சமம். முதல் ஊற்று இறங்கியதும் அதே அளவு இரண்டாவது முறை ஊற்றி, மண் மேல் மினுமினுப்பு மறையும் வரை எத்தனை நிமிடம் என்று கைபேசியில் பாருங்கள். முதல் ஊற்றின் நேரத்தை எழுத வேண்டாம். காய்ந்த மண் எதையும் குடிக்கும். பாலிதீன் இல்லாமல் நேரே ஊற்றினால் மேல்மண் கலங்கித் துளைகள் அடைபட்டுத் தவறான கணக்கு வரும். வெடிப்பு விட்ட களிமண்ணில் இந்தச் சோதனை செல்லாது. உழுத பாத்தி, உழாத பாத்தி இரண்டிலும் ஆண்டுக்கொரு முறை, ஒரே மாதத்தில் செய்யுங்கள். விதைத்த கையோடு செய்தால் உழுத மண்ணே வேகமாகக் குடிக்கும்; இரண்டு நல்ல மழைக்குப் பிறகு செய்தால்தான் நிஜம் தெரியும்.

விருதுநகர் வாசகர்: பிரேசிலில் கோடிக்கணக்கான ஏக்கரில் உழாமல் விதைக்கிறார்களாமே, அங்கே யார் கற்றுக்கொடுத்தார்கள்?

பெரும்பகுதி உழவர்களிடமிருந்து உழவர்களுக்குப் போனதுதான். பரானா மாநிலத்தில் ரோலாந்தியா ஊரின் ஹெர்பர்ட் பார்ட்ஸ், பெருமழையில் நிலம் அரித்துப் போவதைப் பார்த்து வழி தேடினார். அமெரிக்காவின் கென்டக்கியில் 1962-லிருந்தே உழாமல் விதைத்துவந்த ஹாரி யங்கின் பண்ணைக்கு நேரே போய்ப் பார்த்து, விதைக்கும் இயந்திரத்தை வரவழைத்து, 1972-ல் தன் நிலத்தில் தொடங்கினார். 1976-ல் அதே மாநிலத்தின் பொன்ட்டா குரோசா பக்கம் ஃபிராங்கே டைக்ஸ்ட்ரா, நோனோ பெரேரா ஆகியோர் இறங்கினார்கள். 1979-ல் அங்கே உழவர்கள் சேர்ந்து "மண்புழு மன்றம்" என்று ஒன்றைத் தொடங்கி, கெட்டதையும் பலித்ததையும் பகிர்ந்துகொண்டார்கள். கோதுமை, சோயாவோடு குளிர்காலத்தில் கறுப்பு ஓட்ஸ் விதைத்து மடக்கி மூடாக்காக்கியது அவர்களுடைய பெரிய பலம். அவர்கள் களைக்கொல்லியை நிறையவே நம்பினார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உங்கள் கரிசலுக்கு அவர்கள் இயந்திரத்தைவிட அவர்கள் கூடிப் பேசிய வழக்கம் உதவும். கரிசல் மானாவாரியில் முதலில் 8 மீட்டருக்கு 5 மீட்டர் பகுதி வரப்புகள் போட்டு மழையை நிறுத்துங்கள், உழவுக் குறைப்பு பிறகு.

திண்டுக்கல் வாசகர்: வயல் முழுக்கக் கோரை. உழாமல் விடலாமா?

இப்போதைக்கு வேண்டாம். வைக்கோல் மூடாக்கைக் கோரை குத்திக்கொண்டு வந்துவிடும். கோரைக்கு ஆகாதது நிழல். இரண்டு பட்டம் தொடர்ந்து சணப்பு அல்லது தட்டைப்பயறை நெருக்கி விதைத்து, தரையில் வெயில் படாமல் வைத்திருந்து, கோரை மெலிந்த பிறகு தொடங்குங்கள். அருகு நிறைந்த வயலுக்கும் இதே பதில்தான்.

கொல்லிமலை வாசகர்: சரிவில் மரவள்ளி போடுகிறோம். ஒவ்வொரு மழைக்கும் மேல்மண் ஓடைக்குப் போகிறது. உழாமல் மரவள்ளி முடியுமா?

நடவை உழாமல் செய்யலாம், குழி எடுத்து ஊன்றினால் போதும். ஆனால் கிழங்கு பிடுங்கும்போது மண் எப்படியும் புரளும். ஆகவே மண் ஓடாமல் பிடிக்கும் வேலிதான் உங்களுக்கு முதல் தேவை. சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் வெட்டிவேர் வரிசைகள் போடுங்கள்.

மட்டம் பார்க்க ஏ வடிவச் சட்டம் போதும். இரண்டு மீட்டர் நீளக் கழிகள் இரண்டை உச்சியில் கட்டி, நடுவில் ஒரு குறுக்குக் கழி கட்டுங்கள். உச்சியிலிருந்து கல் கட்டிய கயிற்றைத் தொங்கவிடுங்கள். சட்டத்தை நிறுத்தி, கயிறு குறுக்குக் கழியில் தொடும் இடத்தைக் குறியுங்கள். இரண்டு கால்களையும் இடம் மாற்றி வைத்து மறுபடி குறியுங்கள். இரண்டு குறிக்கும் நடுவே ஒரு வெட்டு வெட்டினால் அதுதான் மட்டக்குறி. இனி ஒரு காலை ஊன்றி, மறு காலைக் கயிறு அந்த வெட்டில் நிற்கும்வரை மேலும் கீழும் நகர்த்தி, அந்த இடத்தில் முளைக்குச்சி அடியுங்கள். இப்படியே சரிவு முழுக்கச் சுழன்று போகலாம். காற்றடிக்கும் நேரத்தில் செய்யாதீர்கள், கல் ஆடினால் வரிசை கோணும்.

பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சரிவில் பத்து மீட்டருக்கு ஒரு வரிசை, இருபது மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கினால் இருபது மீட்டருக்கு ஒரு வரிசை. மழை தொடங்கியதும் இரண்டு மூன்று தூர்களாகப் பிரித்து, 15 சென்டிமீட்டருக்கு ஒன்றாக நடுங்கள். ஒரு மாதத்தில் செத்த இடங்களை நிரப்பியே ஆக வேண்டும். ஒரு முழ இடைவெளி விட்டாலும் வரிசை முழுக்கத் தேங்கும் தண்ணீர் அந்த ஓட்டைக்கு ஓடி, வேலி இல்லாத காலத்தைவிட ஆழமாக அரிக்கும். முதல் ஆண்டு ஓரடி உயரத்தில் வெட்டிவிட்டால் தூர் பெருகும். வெட்டிய தாளை மரவள்ளிக்கு இடையே மூடாக்காகப் போடலாம். வெட்டிவேர் நாற்று கிடைக்காவிட்டால் உங்கள் மலையில் விளையும் அன்னாசியையே இரட்டை வரிசையாக, முக்கோண நடவில் வைக்கலாம். வெட்டிவேர் அளவுக்கு வேர் ஆழம் போகாது, ஆனாலும் வருமானம் தரும் வேலி அது.

மரவள்ளி தழைத்துத் தரையை மூட மூன்று மாதம் ஆகும். அந்த நாட்களில்தான் மண் போகிறது. ஊன்றிய கையோடு இடையில் உளுந்தோ தட்டைப்பயறோ விதைத்துவிடுங்கள். கிழங்கையும் சரிவு முழுவதும் ஒரே வாரத்தில் பிடுங்காமல், ஒரு பட்டை விட்டு ஒரு பட்டையாகப் பிடுங்குங்கள். ஐப்பசி மழைக்கு முன் மொத்தச் சரிவையும் கிளறிப்போட்டால் எந்த வேலியும் தாங்காது. பக்கத்துச் சரிவில் வெட்டிவேர் வைத்தவர் இருந்தால், கனமழை பெய்து முடிந்த அன்றே அங்கே போய், வேலிக்கு மேல்பக்கம் எத்தனை விரல் மண் படிந்திருக்கிறது, எந்த இடத்தில் தண்ணீர் உடைத்துக்கொண்டு போயிருக்கிறது என்று பார்த்துவிட்டு உங்கள் வரிசையை முடிவு செய்யுங்கள்.